கரையைப் பார்த்து டிரெய்லர் வாங்குங்கள்: மேட்டூரில் சிறு படகு இறக்குவோருக்கு

சின்னப் படகுக்கு டிரெய்லர் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "பதினாலு அடி போட்டுக்கு எத்தனை அடி டிரெய்லர் வேணும்?" என்பதுதான். நீளம் அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. படகை இழுத்து ஏற்றும் வின்ச் நிற்கிற தண்டை முன்னே பின்னே நகர்த்திப் பொருத்தினால் இரண்டடி வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடலாம். சேலத்துக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கரையில், எந்த மாதத்தில் இறக்கப் போகிறோம் என்பது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய தண்ணீர் மேட்டூர் நீர்த்தேக்கம். அதற்கு நிலையான கரை என்று ஒன்று கிடையாது.

1934-ல் கட்டி முடித்த அணை. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். மேலே இருந்து வரத்து இருந்தால் மட்டம் ஏறும், இல்லையென்றால் இறங்கிக்கொண்டே போகும். நன்றாக இறங்கிய வருடங்களில் பண்ணவாடி பக்கம் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். டிரெய்லர் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. கரை 20-க்கு 1 சரிவு என்றால், மட்டம் ஓர் அடி இறங்கினாலே தண்ணீர் விளிம்பு 20 அடி தள்ளிப்போகும். 120-லிருந்து 100-க்கு வந்தால் 400 அடி. அணை நிறைந்திருந்தபோது கெட்டித் தரையில் சுலபமாக இறக்கிய அதே டிரெய்லர், சில மாதம் கழித்து 400 அடி வண்டலைக் கடந்து போக வேண்டியிருக்கும்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மீட்டர் நீளப் பலகை, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், அளவு டேப், கடப்பாரை இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போங்கள். பலகையின் ஒரு முனையைத் தரையில் மேட்டுப் பக்கம் வைத்து, மறு முனையைத் தண்ணீர்ப் பக்கம் தூக்கிப் பிடித்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்ததும் தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 14 செ.மீ. என்றால் 7-க்கு 1. 8 செ.மீ. என்றால் ஏறக்குறைய 12-க்கு 1. 5 செ.மீ. என்றால் 20-க்கு 1. விளிம்பில் மட்டும் அளந்தால் போதாது. முழங்கால் ஆழம் வரை தண்ணீருக்குள் போய், ஒரு கம்பை ஊன்றி ஊன்றி ஆழத்தைப் பாருங்கள். கரையில் நல்ல சரிவாகத் தெரிந்து, தண்ணீருக்கடியில் தட்டையாகக் கிடக்கும் இடங்கள் நிறைய.

இந்த எண்கள் ஏன் முக்கியம்? சாதாரண டிரெய்லரில் படகு நீளப் பலகைகள் மேல் உட்கார்ந்திருக்கும். அது தானாக மிதந்து எழ, அச்சு இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 60 செ.மீ. தண்ணீர் வேண்டும். 7-க்கு 1 சரிவில் அச்சு 4.2 மீட்டர் உள்ளே போனால் அந்த ஆழம் கிடைத்துவிடும். அச்சிலிருந்து வண்டியின் பின்சக்கரம் வரை ஏறக்குறைய 4.5 மீட்டர் இருக்கும், ஆக வண்டி நனையாது. அதே டிரெய்லரை 20-க்கு 1 கரைக்குக் கொண்டு போனால் அச்சு 12 மீட்டர் உள்ளே போக வேண்டும். வண்டியின் பின்சக்கரம் ஏழரை மீட்டர் தண்ணீருக்குள், 37 செ.மீ. ஆழத்தில் நிற்கும். அடியில் வண்டல் என்றால் அன்றைக்குப் படகை விட்டுவிட்டு வண்டியை எடுக்கத்தான் ஆள் கூப்பிட வேண்டியிருக்கும்.

தட்டைக் கரைக்கு ஏற்றது ரோலர் வைத்த, உடைந்து சாயும் டிரெய்லர். இழுவைத் தண்டின் நடுவில் ஒரு கீல் இருக்கும். அதைப் பூட்டும் பின்னை உருவினால், படகு உட்காரும் படுகை பின்பக்கம் சாய்ந்து கொடுக்கும், படகு ரோலர் மேல் உருண்டு இறங்கும். மிதக்கவிட வேண்டிய அவசியம் இல்லாததால் அச்சு 15 செ.மீ. தண்ணீரில் நின்றாலே போதும். 20-க்கு 1 கரையில் அது வெறும் 3 மீட்டர்தான். 12 அங்குலச் சக்கரத்தின் நடு, தரையிலிருந்து 25 செ.மீ. உயரம். ஆக சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப்பும் நனையாது, வண்டியும் நனையாது. விலை கூடுதல்தான். மேட்டூருக்கு இதைத்தான் வாங்கச் சொல்வோம்.

ரோலரில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. ஃபைபர் படகின் முழு எடையும் இரண்டே ரோலரில் உட்கார்ந்தால், அந்த இடத்தில் மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விழும். பதினாலு அடிப் படகுக்கு, அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் அடித்தண்டின் கீழே குறைந்தது நான்கு ரோலர், பின்பலகைக்கு நேர் கீழே பக்கத்துக்கு ஒரு ஜோடி அசையும் ரோலர் வேண்டும். எஞ்சின் எடை முழுக்கப் பின்பலகையில்தான் தொங்குகிறது. கடைசித் தாங்கல் பின்பலகைக்கு ஒரு அடி முன்னாலேயே முடிந்துவிட்டால், குழியில் விழும்போதெல்லாம் படகின் அடிப்பகுதி வளைந்து கொடுக்கும். தட்டை அடிகொண்ட அலுமினியப் படகு என்றால் ரோலர் வேண்டாம், பலகைதான் நல்லது. 4 அங்குலம் × 2 அங்குலத்தில் தேக்கோ வேம்போ போட்டு, மேலே தரைவிரிப்பு சுற்றி, துருப்பிடிக்காத ஆணியை அடிப்பக்கமாக அடியுங்கள். விரிப்பில் ஒட்டும் மணலை ஒவ்வொரு முறையும் கழுவிவிடுங்கள். விட்டால் உப்புத்தாள் மாதிரி படகைத் தேய்க்கும்.

இனி சேறு. அணை வற்றிய கரை மேலே பாளம் பாளமாக வெடித்து, காய்ந்து, நடந்தால் கல் மாதிரி இருக்கும். அந்தப் பாளத்தைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் ஈரக் களி. கடப்பாரையை இரு கையாலும் அழுத்துங்கள். ஒரு சாணுக்கு மேல் கை அழுத்தத்திலேயே இறங்கினால் அந்த இடத்தில் வண்டி வேண்டாம். விளிம்பை நோக்கி ஐந்தடிக்கு ஒருமுறை குத்திப் பார்த்துக்கொண்டே போனால் எங்கே வண்டியை நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று, டிரெய்லரைக் கழற்றி, முன்சக்கரத்தில் நிறுத்தி, வண்டியின் இழுவைக் கொக்கியிலிருந்து கயிறு கட்டி மெதுவாக விடுவது. இதற்கு நைலான் கயிறு கூடாது. நைலான் இழுபடும், அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள், கயிற்றின் நேர்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள். டிரெய்லரோடு வரும் சின்ன முன்சக்கரம் சேற்றில் புதைந்துபோகும். அகலமான காற்று டயர் போட்ட முன்சக்கரமாக மாற்றிக்கொள்ளுங்கள், கீழே எட்டடிப் பலகை இரண்டு போட்டுக்கொண்டே போங்கள்.

இன்னொரு வழி டிராக்டர். கரையோர ஊர்களில் கேட்டால் கிடைக்கும். ஆனால் கார் டிரெய்லரின் முனையில் இருப்பது, காரின் பின்னால் உள்ள இரும்புப் பந்தில் உட்காரும் கிண்ணம். டிராக்டரின் பின்னால் இருப்பதோ துளையும் பின்னும். துளையில் பொருந்தும் ஒரு தகட்டில் பந்தைப் பொருத்தி முன்கூட்டியே லேத்தில் செய்து வைத்திருந்தால்தான் அன்றைக்குக் காரியம் நடக்கும். கம்பியால் கட்டி இழுத்துப் பார்ப்போம் என்று இறங்க வேண்டாம். சரிவில் டிரெய்லர் டிராக்டர் மேல் ஏறும்.

பந்து என்றதும் ஒரு எச்சரிக்கை. சந்தையில் 50 மி.மீ. பந்தும் இருக்கிறது, 2 அங்குலப் பந்தும் இருக்கிறது. 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 2 அங்குலக் கிண்ணத்தை 50 மி.மீ. பந்தில் மாட்டினால் பூட்டிக்கொண்டதுபோலத் தெரிந்து, பள்ளத்தில் குதிக்கும்போது கழன்றுகொள்ளும். இரண்டிலும் அளவு பொறித்திருக்கும், படித்துப் பார்த்துப் பொருத்துங்கள். பூட்டிய பிறகு முன் ஜாக்கியைத் திருகி, வண்டியின் பின்பக்கம் ஓர் அங்குலம் தூக்குகிறதா என்று பாருங்கள். தூக்கினால் பூட்டு பிடித்திருக்கிறது. காப்புச் சங்கிலி இரண்டையும் தண்டுக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். பூட்டு விட்டாலும் தண்டு சாலையில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.

எடைக் கணக்கைத் தாளில் எழுதிப் போடுங்கள், மனக்கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். ஃபைபர் கூடு 160 கிலோ என்று வைப்போம். 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 40. நிரம்பிய 25 லிட்டர் பெட்ரோல் டேங்க் 20. பேட்டரி 15. நங்கூரம், கயிறு, மிதவைச் சட்டைகள், ஐஸ் பெட்டி, துடுப்பு எல்லாம் சேர்த்து 45. ஆக 280 கிலோ. இதற்குமேல் கால் பங்கு கூட்டினால் 350. டிரெய்லர் சுமக்கும் எடை 350 கிலோவாவது இருக்க வேண்டும். டிரெய்லரே 130 கிலோ என்றால் சாலையில் உருளும் எடை 410. இதில் 7 முதல் 10 சதவீதம், அதாவது 30 முதல் 40 கிலோ, வண்டியின் பந்து மேல் அழுத்த வேண்டும். குளியலறைத் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, தண்டின் முனையைப் பந்து உயரத்தில் அதில் வைத்தால் தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து கிலோதான் காட்டுகிறது என்றால், வேகம் எடுக்கும்போது டிரெய்லர் வால் ஆட்டும். தீர்வு எளிது. அச்சைப் பிடித்திருக்கும் யு போல்ட்டைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள், அல்லது படகை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். படகை நகர்த்தினால் பின்பலகையின் தாங்கலையும் கூடவே நகர்த்த வேண்டும். அதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இங்கே பட்டறையில் சொல்லிச் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டிக் கட்டிக் கை பழகியவர்கள் வெல்டிங்கில் குறையே வைக்க மாட்டார்கள். ஆனால் டன் கணக்கில் யோசித்தே பழகியிருப்பார்கள். 400 கிலோ டிரெய்லருக்கு ஆறு பட்டை ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தால் அது ஸ்பிரிங் இல்லை, இரும்புக் கட்டை. சாலையின் ஒவ்வொரு அடியும் நேராகப் படகுக்குப் போகும். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இரண்டு பேர் படுகையில் ஏறி நில்லுங்கள். இரண்டு செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் ஒரு பட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். சட்டத்துக்குச் சி சேனல் கேளுங்கள். மூடிய சதுரக் குழாயில் தண்ணீர் புகுந்தால் வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே துருப்பிடித்து ஒரு நாள் மடங்கும். குழாய்தான் வேண்டும் என்றால் தாழ்ந்த முனைகளில் வடிதுளை போட்டே ஆக வேண்டும். மேட்டூர் நன்னீர், ஆகவே நல்ல பிரைமரும் பெயின்ட்டும் தாங்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது கடலூர், புதுச்சேரி என்று உப்புத் தண்ணீருக்குப் போகிற எண்ணம் இருந்தால் முதலிலேயே துத்தநாகத்தில் முக்கி எடுத்துவிடுங்கள்.

சக்கரத்துக்கு ஸ்கூட்டர் டயர் போட்ட மலிவு டிரெய்லர்களைத் தவிர்த்துவிடுங்கள். சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், பேரிங் சூடாகும். ஹப்பும் தாழ்ந்திருப்பதால் முதலில் நனைவது அதுதான். மாருதி 800-ன் 145/70 ஆர் 12 டயர் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். சுமைக் குறியீடு 69 என்றால் ஒன்று 325 கிலோ தாங்கும். இரண்டுக்கு 650, நம் கணக்குக்குத் தாராளம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்று வெடித்துச் சாகிறது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. பழைய டிரெய்லர் வாங்கும்போது பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பார்க்காமல் இந்த எண்ணைப் பாருங்கள். சேலம் வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்துத் தூக்கி வைத்து, டயரைச் சாக்கால் மூடிவிடுங்கள்.

ஏற்காட்டுக்கு வருவோம். மேலே ஏரியில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. சொந்தப் படகை இழுத்துப் போய் இறக்குகிற இடம் அல்ல அது. எஸ்டேட் குட்டைக்குத் துடுப்புப் படகு கொண்டு போகிறவர்களுக்குத்தான் மலைச்சாலைக் கணக்கு. 20 கொண்டை ஊசி வளைவு. டிரெய்லர் சக்கரம் எப்போதும் வண்டியின் தடத்துக்கு உள்பக்கமாக வெட்டிக்கொண்டுதான் வரும், ஆகவே உள்பக்கக் கல்லுக்கு இடம் விட்டு அகலமாகத் திரும்ப வேண்டும். இந்த வேலைக்கு இழுவைத் தண்டு நீளமான டிரெய்லர் இன்னும் சிரமம். இறங்கும்போது ஏறிய அதே கியர், இரண்டாவது. தள்ளுவிசையில் பிடிக்கும் பிரேக் வைத்த டிரெய்லர் என்றால் இறக்கம் முழுக்க டிரெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் பிரேக்கும் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், டிரம் கொதிக்கும். நடுவில் நிறுத்தி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள்.

ஆற விடுவது மேட்டூரிலும் அவ்வளவே முக்கியம். சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். வந்ததும் படகை இறக்கத் துடிக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் செய்ய வேலை இருக்கிறது. விளக்கு ஒயரைக் கழற்றுங்கள். பின்பலகைக் கட்டுகளை அவிழுங்கள். படகில் தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் டிரெயின் பிளக்கைக் கையால் தொட்டு, திருகி மூடியிருக்கிறதா பாருங்கள். எஞ்சினைத் தூக்கி வைத்திருக்கிறதா பாருங்கள். மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மூக்குக் கயிற்றைக் கட்டி ஒருவர் கையில் கொடுங்கள்.

மூக்கில் மாட்டிய வின்ச் கொக்கியை மட்டும் இப்போது தொடாதீர்கள். ரோலர் டிரெய்லரில் சரிவின் உச்சியிலேயே கொக்கியைக் கழற்றினால் படகு தரையில் விழும். தண்ணீர் விளிம்புக்கு வந்து, பின்பலகை தண்ணீர் மேல் வந்த பிறகுதான் வின்ச்சை மெல்ல விட வேண்டும். கைப்பிடியை இறுகப் பிடிக்காமல் வின்ச்சின் பூட்டுப் பல்லை விடுவித்தால் கைப்பிடி சுழன்று மணிக்கட்டை உடைத்துவிடும். முடிந்தால் பிரேக் உள்ள வின்ச் வாங்குங்கள், இந்த ஒரு சாமானில் சிக்கனம் வேண்டாம். வின்ச்சின் இழுவை வாரும் படகு மூக்கின் வளையமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கட்டும். வார் மேலிருந்து கீழாக இழுத்தால் மூக்கு ரோலரைத் தாண்டி எழும்பும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லர் அந்தப் பக்கம் போகும், மூளை குழம்பாது. குரல் கொடுப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும். நாலு பேர் நாலு பக்கமிருந்து "வா வா", "நில்லு நில்லு" என்றால் கோணிக்கொண்டுதான் போகும். "அண்ணா, போதும், நில்லுங்க" என்றதும் கைப்பிரேக், கியர், பிறகு "கட்டையப் போடு தம்பி." முன்சக்கரம் இரண்டுக்கும் கீழ்ப்பக்கம் முட்டுக்கட்டை விழுந்த பிறகுதான் ஓட்டுநர் இறங்க வேண்டும். ஈரக்கரைக்குப் பொலிரோ மாதிரி பின்சக்கர இழுவை வண்டி கைகொடுக்கும், டிரெய்லரின் பந்து எடை பின்சக்கரத்தை அழுத்துகிறது. முன்சக்கர இழுவைக் காரில் அதே எடை முன்பக்கத்தைத் தூக்கி, மேலேறும்போது சக்கரத்தை வெறுமனே சுழல வைக்கும்.

காகித வேலையைச் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988 டிரெய்லரையும் ஒரு வாகனமாகவே பார்க்கிறது, ஆகவே பட்டறையில் ஆர்டர் கொடுக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவைப் பற்றிப் பேசிவிடுங்கள். எஞ்சின் வைத்த படகுக்கு 2021-ன் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் இருக்கிறது. அணையில் எங்கே இறக்கலாம், இறக்கலாமா என்பதற்கு நீர்வளத் துறையிடமும் மீன்வளத் துறையிடமும் கேட்க வேண்டும். வெள்ளம் வந்து உபரி நீர் போகிற நாட்களில் யார் அனுமதி கொடுத்தாலும் இறக்காதீர்கள்.

பாசனத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும் நாளில் படகை விளிம்பில் கட்டிவிட்டு இரவு தங்கினால், காலையில் படகு சேற்றில் உட்கார்ந்திருக்கும். சாயங்காலமே ஏற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஹப் மூடியைத் தட்டிக் கழற்றி, கிரீஸை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். போட்ட நிறத்திலேயே இருந்தால் மூடிவிடலாம். பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பேரிங் துருப்பிடிக்கும். பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, தண்ணீர் தாங்கும் கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஏற்றுங்கள். சீல் கட்டாயம் புதிது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்றுத் தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தால் சரி, சுட்டால் நட்டு இறுக்கம் அதிகம்.